தொடாதே என்று குழந்தைக்கு எப்படிச் சொல்வது?

2020 மார்ச் 25ஆம் நாள் அதிகாலையில் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் ஒருவர் உயிர்நீத்தார். கொரோனாப் பெருந்தொற்றுக்குத் தமிழ்நாட்டில் பலியான முதல் மனிதர் அவர். நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியதும் அன்றுதான். பள்ளிகள் அதற்கு ஒரு வாரம் முன்பே மூடப்பட்டிருந்தன. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவுகள் மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1ஆம் நாளில்.

இடைப்பட்ட பத்தொன்பது மாதங்களில் மதுரைப் பிள்ளைகள் காணாதன எல்லாம் கண்டார்கள். இரண்டு சித்திரைகளில் அழகர் வைகையில் இறங்கவில்லை. குருத்தோலை ஏந்தி வீதியில் நடவாத ஒரு குருத்து ஞாயிறு வந்தது. ஆலயம் பூட்டிக் கிடக்க ஓர் உயிர்ப்புப் பெருவிழா கழிந்தது. தளர்த்தப்பட்ட ஊரடங்கு 2020 ஜூன் 24 முதல் மாநகரிலும் பரவையிலும் சுற்றியுள்ள ஒன்றியங்களிலும் மறுபடி இறுக்கப்பட்டது. பெரியவர்களுக்கு அரசாணையும் நாளிதழும் தொலைக்காட்சியும் இருந்தன. பிள்ளைகளுக்கோ 'வெளியே போகாதே, யாரையும் தொடாதே' என்ற இரண்டு கட்டளைகளே வந்து சேர்ந்தன. ஏன் என்று கேட்ட குழந்தைக்கு விடை சொல்லும் பொறுப்பை உலகின் பல மூலைகளில் எழுத்தாளரும் ஓவியரும் ஏற்றுக்கொண்டு, சில வாரங்களுக்குள் படப் புத்தகங்களை உருவாக்கினார்கள். அந்த முயற்சியின் வரலாற்றையும், அது நம் மதுரைச் சமவெளிக்கு வந்து சேரும்போது முட்டிக்கொள்ளும் ஒரு பழைய சுவரையும் இங்கே எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

நோயைப் படமாக்கிக் காட்டுவது திருச்சபைக்குப் புதிதன்று. கி.பி. 600ஆம் ஆண்டளவில் மார்செய் நகர ஆயர் செரேனுஸ், மக்கள் படங்களை வணங்கிவிடுவர் என அஞ்சி அவற்றை உடைத்தபோது, பெரிய கிரகோரியார் அவரைக் கண்டித்துக் கடிதம் எழுதினார். எழுத்தறிந்தவனுக்கு நூல் எதுவோ, அதுவே எழுத்தறியாதவனுக்குப் படம் என்பது அக்கடிதத்தின் கருத்து. இதே கிரகோரியார் திருத்தந்தை ஆனது 590இல், கொள்ளைநோய்க்கு நடுவில். அவருக்கு முன்னிருந்த இரண்டாம் பெலாஜியு அந்நோய்க்கே பலியானவர். பின்னாளில் 680இல் இத்தாலியின் பவியா நகரில் கொள்ளைநோய் கண்டபோது புனித செபஸ்தியாருக்கு அங்கே பீடம் எழுப்பினார்கள். எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் வந்து தைக்கும் நோயை அம்பாகக் காணும் வழக்கம் பழைமையானது. அம்பு தைத்த உடலோடு நிற்கும் புனிதர் நோயாளிகளின் துணைவர் ஆனார்.

நம் சிற்றூர்க் கோயில்களிலும் செபஸ்தியார் சுரூபம் உண்டு. ஆரோக்கியநாதர் என்று நாம் அழைக்கும் புனித ரோக்கின் சுரூபமும் உண்டு. அந்தச் சுரூபத்தைச் சற்று நின்று பாருங்கள். ஆடையை விலக்கித் தொடையிலுள்ள கொள்ளைநோய்ப் புண்ணைக் காட்டுகிறார். பக்கத்தில் ஒரு நாய், வாயில் ரொட்டி. கொள்ளைநோயாளருக்குப் பணி செய்து தாமும் நோயுற்றுக் காட்டில் ஒதுங்கியவருக்கு நாய் நாள்தோறும் உணவு கொண்டுவந்தது என்பது மரபுக் கதை. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இது விளங்கும். நோய்வாய்ப்பட்டவர் கெட்டவர் அல்லர், ஒதுங்கியிருக்கிறார், எனினும் சோறு வந்து சேர்கிறது. இத்தனையும் ஒரே உருவத்தில் இருக்கிறது. பெருந்தொற்றுக்கென்று வந்த படப் புத்தகங்கள் பல, இவ்வளவைச் சொல்ல முப்பது பக்கம் எடுத்துக்கொண்டன.

தமிழ் மண்ணில் வேறொரு விளக்கமும் இருந்தது. பெரியம்மையை நம் மக்கள் நோய் என்றே சொல்ல மாட்டார்கள். அம்மை வார்த்திருக்கிறது, முத்துப் போட்டிருக்கிறது, தாய் இறங்கியிருக்கிறாள் என்பார்கள். வாசலில் வேப்பிலை தொங்கும். அதைக் கண்டால் அயலார் உள்ளே வருவதில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை பிள்ளை தனியே படுத்திருக்கும். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது. ஆயினும் உடலெங்கும் கொப்புளம் கண்ட குழந்தையிடம் 'உன்னிடம் தாய் வந்திருக்கிறாள்' என்று சொன்ன வழக்கம், நோயாளியை இழிவுபடுத்தவில்லை என்பதை மறுக்க இயலாது.

இந்த நம்பிக்கைக்கு நடுவில்தான் ஜென்னரின் அம்மை குத்தும் முறை வந்து இறங்கியது. 1798இல் அவர் தமது ஆய்வை வெளியிட்டார். 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் அன்னா டஸ்ட்டால் என்னும் மூன்று வயதுக் குழந்தைக்கு அது பயனளித்தது. இந்தியாவில் இம்முறையில் காப்புப் பெற்ற முதல் ஆள் ஒரு குழந்தை. அக்காலத்தில் அம்மைப்பாலைக் குப்பியில் அடைத்துக் கெடாமல் நெடுந்தொலைவு அனுப்புவது அரிது. ஒரு பிள்ளையின் கையில் எழும்பிய கொப்புளத்திலிருந்து எடுத்து அடுத்த பிள்ளையின் கையில் குத்துவார்கள். 1803இல் ஸ்பெயின் நாட்டின் லா கொருனாத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட மருத்துவர் பால்மிஸ், 22 அநாதைச் சிறுவர்களைக் கப்பலில் ஏற்றி, ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாற்றி மாற்றி அமெரிக்கக் கண்டத்துக்கு அம்மைப்பாலைக் கொண்டு சேர்த்தார். அவர்களைப் பேண இசபெல் சென்தால் என்னும் பெண்மணி உடன் சென்றார். மருத்துவம் குழந்தைகளின் தோள்மேல் பயணம் செய்த காலம் அது. அந்தத் தோளுக்கு உரியவனுக்கு விளக்கம் சொல்லப் புத்தகம் எழுத வேண்டும் என்ற எண்ணம் உலகுக்கு வர இன்னும் இரு நூற்றாண்டுகள் ஆயின.

பெரியவர்களுக்கு விளக்கம் சொல்ல மட்டும் சென்னையில் ஒருவர் முனைந்தார். திருக்குறளுக்கு உரை எழுதியவரும், தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816இல் எடுத்துக்காட்டியவரும், 1819இல் இராமநாதபுரத்தில் மறைந்தவருமான எல்லிஸ் துரை அவர். அம்மனே தன்வந்திரியிடம் பேசி, பசுவின் ஐந்து பொருள்களோடு ஆறாவதாக இந்த அம்மைப்பாலையும் அருளியதாக அவர் ஒரு கதை புனைந்தார். இதே நோக்கில் அவர் இயற்றிய வடமொழிப் பாடல் ஒன்று பழைய தாளில் எழுதப்பட்டு, எங்கோ கண்டெடுத்த பண்டைய நூல் என்று காட்டப்பட்டதாக அக்கால ஆங்கிலேயர் எழுதிவைத்துள்ளனர். நோக்கம் நன்று, வழி பொய். இதே எல்லிஸ்தான், வால்டேர் மெய்யென நம்பி 1761இல் பிரெஞ்சு மன்னர் நூலகத்துக்கு அளித்த 'எசுர் வேதம்' போலி நூல் என்பதை ஆராய்ந்து எழுதியவர். அவர் மறைந்தபின் 1822இல் வெளியான அக்கட்டுரை, அந்தப் போலியை நம் மதுரைத் தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலியின் பெயரோடு இணைத்துப் பேசியது. பின்வந்த அறிஞர்கள் நொபிலியை அப்பழியிலிருந்து விடுவித்தார்கள். வேதத்தின் பெயரால் பிறர் செய்த புனைவைக் கண்டுபிடித்தவரே, மருத்துவத்தின் பெயரால் தாமும் ஒன்று புனைந்தார் என்பதைச் சற்றுப் புன்னகையோடுதான் படிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மக்களிடம் புதிய செய்தியைச் சொல்ல, அவர்களிடம் ஏற்கெனவே உள்ள சொற்களின் வழியாகத்தான் நுழைய முடியும் என்பதை எல்லிஸ் அறிந்திருந்தார்.

பொய் கலவாத படம் ஒன்று எவ்வளவு செய்யும் என்பதற்கு, அதே பெரியம்மையின் இறுதிக் காலமே சான்று. 1970களில் உலகச் சுகாதார நிறுவனம் கையடக்கமான ஓர் அட்டையை அச்சிட்டது. அதில் அம்மை கண்ட ஒரு குழந்தையின் வண்ணப் புகைப்படம். சுகாதாரப் பணியாளர்கள் வட இந்திய ஊர்களில் வீடுவீடாகவும் சந்தைகளிலும் பள்ளிகளிலும் அதைக் காட்டி, 'இப்படி யாரையேனும் பார்த்தீர்களா?' என்று கேட்டார்கள். பெரியவர்கள் மறைத்ததைப் பள்ளிப் பிள்ளைகள் மறைக்காமல் சொன்னார்கள். தமிழ்நாடு அந்தத் தேடல் வேட்டைக்கு முன்பே பெரியம்மையிலிருந்து விடுபட்டிருந்தது. 1975 மே மாதத்தோடு இந்தியாவிலும் அது நின்றது. 1980இல் உலகம் முழுவதும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. குழந்தைக்கு உண்மையைக் காட்டினால் அது அஞ்சி ஓடிவிடும் என்று நாம் நினைக்கிறோம். அந்த அட்டையைப் பார்த்த பிள்ளைகள் ஓடவில்லை.

இனி 2020க்கு வருவோம். ஏப்ரல் மாதத்தில், ஐக்கிய நாடுகளின் அமைப்புகளும் பல தொண்டு நிறுவனங்களும் சேர்ந்த ஒரு குழு, 'என் நாயகன் நீயே' என்னும் பொருளுடைய தலைப்பில் ஒரு படக்கதையை வெளியிட்டது. எழுதி வரைந்தவர் ஹெலன் பட்டக். அது உருவான முறை நம் கவனத்துக்குரியது. முதலில் கதை எழுதவில்லை. அரபு, ஆங்கிலம், இத்தாலியம், பிரெஞ்சு, ஸ்பானியம் ஆகிய மொழிகளில் கேள்விகளை அனுப்பினார்கள். 104 நாடுகளிலிருந்து 1,700க்கும் மேற்பட்ட பிள்ளைகளும் பெற்றோரும் பராமரிப்போரும் ஆசிரியரும் தங்கள் அச்சங்களையும் சமாளிக்கும் வழிகளையும் சொன்னார்கள். அவற்றிலிருந்து கதை பிறந்தது. வரைந்த கதையை நோய் பரவிய பல நாடுகளில் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டி, அவர்கள் சொன்னதைக் கேட்டுத் திருத்தினார்கள். பின்னர் அது நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளுக்குச் சென்றது. தமிழும் அவற்றுள் ஒன்று.

கதையின் சிறுமி சாரா. அவளுடைய தாய் ஓர் அறிவியலாளர். ஆனால் அந்தத் தாயாலும் இந்நோய்க்கு மருந்து கண்டுபிடிக்க முடியவில்லை என்று கதை தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. இவ்விடத்தை நாம் பெரிதும் மதிக்கிறோம். பிள்ளையிடம் 'எனக்குத் தெரியவில்லை' என்று சொல்லும் துணிவு பெரியவர்களிடம் அரிது. அரியோ என்னும் கற்பனை விலங்கின்மேல் ஏறிச் சாரா உலகைச் சுற்றிப் பல பிள்ளைகளைச் சந்திக்கிறாள். நோய் வந்து குணமான பிள்ளையும் அவர்களுள் உண்டு.

அதே ஏப்ரலில் இங்கிலாந்தில் புகழ்பெற்ற ஓவியர் ஆக்சல் ஷெஃப்லர் படம் வரைந்த மற்றொரு நூல் இலவசமாக வெளிவந்தது. அதை எழுதிய மூவருள் ஒருவரின் பெயர் எலிசபெத் ஜென்னர் என்பது வரலாற்றின் குறும்பு. நம் நாட்டில் பிரதம் புக்ஸ் நிறுவனம் பல எழுத்தாளரையும் ஓவியரையும் கூட்டி ஒரு நூலை இணையத்தில் இலவசமாக வழங்கியது. சண்டிகரில் உருவாகி மத்தியச் சுகாதார அமைச்சகம் பரப்பிய சித்திரக் கதையில் வாயு என்னும் வீரன் கொரோனாவோடு மோதினான்.

வீரன் அரக்கனை வெல்லும் கதையைப் பிள்ளைகள் விரும்புவார்கள் என்பதில் ஐயமில்லை. நம் ஐயம் வேறு. இந்த அரக்கன் குகையில் இல்லை. இருமுகிற தாத்தாவின் நெஞ்சுக்குள் இருக்கிறான். கத்தியைத் தூக்கிய பிள்ளை யாரைப் பார்த்து வீசும்? உலகெங்கும் பரவிய சாம்பல் நிற உருண்டையும் சிவப்பு முட்களும் 2020 சனவரியில் அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் ஓவியர் இருவர் படைத்த உருவம். ஒளியின் அலைநீளத்தை விடச் சிறியதான ஒரு கிருமிக்கு நிறம் என்பதே கிடையாது. காணாத ஒன்றை மனத்தில் பதிக்க அந்தச் சிவப்பு உதவியது என்பது மெய். சென்னையில் அந்த வடிவத்திலேயே தலைக்கவசம் செய்து அணிந்து காவலர் ஒருவர் சாலையில் நின்றார். கூர்ந்து நோக்கினால், கிருமிக்கு அங்கே மனித உடலும் கால்களும் முளைத்துவிட்டன.

மனிதனையே கிருமியாகக் கண்டால் என்ன நிகழும் என்பதை அதே சென்னை சில நாட்களில் கண்டது. 2020 ஏப்ரல் 19 அன்று நோய்க்குப் பலியான நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்யச் சென்றவர்களைக் கூட்டம் கல்லாலும் கட்டையாலும் தாக்கி விரட்டியது. நண்பரான மற்றொரு மருத்துவர் நள்ளிரவில் திரும்பி வந்து, மண்வெட்டி பிடித்துத் தம் கையாலேயே குழியை மூட நேர்ந்தது. கல் எறிந்தவர்கள் எழுத்தறியாத குழந்தைகள் அல்லர்.

இப்போது அந்தச் சுவருக்கு வருகிறோம். 'தொடாதே', 'தள்ளி நில்', 'எச்சில் படக்கூடாது' ஆகியவை பெருந்தொற்றுக் காலத்தில் எல்லா நாட்டுப் பிள்ளைகளும் கேட்ட கட்டளைகள். வேறு பல மொழிகளில் அவை வெறும் சுகாதார விதிகள். தமிழில் அவை அப்படியல்ல. இரட்டைக் குவளையும் தனிச் சுடுகாடும் கண்ட மதுரைச் சமவெளியில், இச்சொற்கள் பல நூற்றாண்டுகளாக ஒரு சாராரை நோக்கி மற்றொரு சாரார் சொன்னவை. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோவிலுக்குள் நுழையும்வரை அங்கே எழுதப்படாத விதியும் இதுவே. 'சமூக இடைவெளி' என்று அறிவிப்புப் பலகைகள் சொன்னபோது ஒரு தலித் சிறுவனின் பாட்டிக்கு அது புதிய சொல்லாகப் பட்டிருக்க முடியாது.

இதில் நாம் பிறரை நோக்கி விரல் நீட்டத் தகுதி குறைந்தவர்கள். 1606இல் மதுரை வந்த நொபிலியின் பணித்தளத்தில், பழைய திருமுழுக்குச் சடங்கின் ஒரு பகுதி கைவிடப்பட்டது. காது கேளாதவருக்கு இயேசு செய்ததை நினைவுகூர்ந்து, குரு தம் உமிழ்நீரால் திருமுழுக்குப் பெறுபவரின் காதையும் மூக்கையும் தொடுவார், முகத்தில் ஊதுவார். எச்சிலைத் தீட்டாகக் கருதிய மக்களிடம் இது செல்லாது என்று மறைபணியாளர் விட்டுவிட்டனர். அத்துடன், மேல்சாதியாரிடம் பணிபுரிந்த குருக்கள் நோயுற்ற பறையர் இனத்துக் கிறித்தவரின் குடிசைக்குள் நுழைவதையும் தவிர்த்தனர். புதுச்சேரிக்கு வந்த திருத்தந்தையின் தூதர் தூர்னோன் 1704இல் இரண்டையும் கண்டித்து ஆணை பிறப்பித்தார். உமிழ்நீரை விடலாகாது, நோயாளியை அவரது வீட்டிலேயே சென்று காண வேண்டும். அதன்பின் நாற்பது ஆண்டுகள் வழக்கு நீண்டது. 1744இல் பதினான்காம் பெனடிக்ட் உமிழ்நீர் விடயத்தில் சில காலத்துக்குச் சலுகை தந்தார். ஒடுக்கப்பட்டோருக்கெனத் தனிக் குருக்களை வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் ஏற்றார். சடங்கில் உமிழ்நீர் வேண்டுமா என்பதில் இரு தரப்பும் நேர்மையாக வாதிட இடமுண்டு; நொபிலி வழியினர் மக்களின் மனத்தை மதித்தார்கள். குடிசை வாசலில் நின்றுவிட்ட கால்களுக்காக வாதிட நமக்கு மனம் வரவில்லை.

எனவேதான், அயல்மொழியில் வந்த நல்ல நூலைத் தமிழாக்கினால் போதும் என்ற எண்ணம் நமக்கு நிறைவு தரவில்லை. மொழிபெயர்ப்பில் 'தள்ளி நில்' என்ற சொல் சரியாகவே வரும். அதன் பின்னே நிற்கும் முந்நூறு ஆண்டும் கூடவே வரும். நம் மறைக்கல்வி வகுப்புச் சுவரில் இயேசு தொழுநோயாளரைத் தொடும் படம் தொங்குகிறது. மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்திலேயே அவர் கை நீட்டித் தொட்டார். அதைப் பார்த்து வளரும் பிள்ளை, நோயாளியைத் தொடாதே என்று நாமே சொல்லும்போது எதை நம்பும்? பெருந்தொற்றைப் பற்றித் தமிழில் எழுதப்படும் படநூல் இக்கேள்வியைச் சுற்றிக்கொண்டு போகக்கூடாது. ஒரு முழுப் பக்கமேனும் அதற்குத் தர வேண்டும்.

விடை இல்லாமல் இல்லை. தீட்டில் எப்போதும் மற்றவனே அழுக்கு, நான் தூய்மை. தொற்றிலோ என் மூச்சிலும் கிருமி இருக்கலாம். என்னிடமிருந்து பாட்டியைக் காக்கவே நான் விலகி நிற்கிறேன், முகத்தை மூடுகிறேன். அரசு அதிகாரியின் எச்சிலும் துப்புரவுப் பணியாளரின் எச்சிலும் குருவானவரின் எச்சிலும் கிருமிக்கு ஒன்றே. தீட்டுக்கு முடிவில்லை, பிறப்பிலிருந்து சுடுகாடு வரை தொடரும். தொற்றுக்கு நாள்கணக்கு உண்டு, அது முடிந்ததும் கட்டிக்கொள்ளலாம். தொழுநோயாளரைத் தொட்ட ஆண்டவர், ஊர் அவர்மேல் வைத்த விலக்கையே உடைத்தார். இன்று விலகி நிற்பவர் ஒருவரும் அந்த விலக்கை மறுபடி கட்டவில்லை என்பதை ஒரு குழந்தை புரிந்துகொள்ளும், படம் சரியாக இருந்தால்.

படம் சரியாக இருப்பதற்கு ஓவியர் நம் ஊர்களைப் பார்க்க வேண்டும். நியாயவிலைக் கடை முன்னும் காய்கறிச் சந்தையிலும் 2020இல் போடப்பட்ட வெள்ளை வட்டங்களை ஒரு பக்கத்தில் வரையலாம். பாண்டி ஆடும் பிள்ளைக்கு அவை வேறு விதமாகத் தெரியும். தனித்திருப்பவரின் திண்ணையில் சோற்றுத் தூக்கை வைத்துவிட்டுப் பேரன் தூரத்தில் நின்று கையசைப்பதை மற்றொரு பக்கத்தில் வரையலாம். அது ஆரோக்கியநாதரின் நாய் செய்ததே. நோய் வந்து போன பிள்ளை ஒன்று மறுபடி நடுவில் உட்கார்ந்து விளையாட வேண்டும். தூய்மைப் பணியாளரும் செவிலியரும் ஓரத்தில் நிற்கும் சிறு உருவங்களாக அல்லாமல், பெயரோடும் முகத்தோடும் வர வேண்டும்.

அடுத்த கொள்ளைநோய்க்குக் காத்திராமல் இப்பணியை நம் மறைக்கல்வி ஆசிரியர்கள் இப்போதே தொடங்கலாம். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன், 2020இல் அந்தக் குழுவினர் செய்ததைப் போல, மேலூரிலும் உசிலம்பட்டியிலும் சோழவந்தானிலும், ஊரிலும் சேரியிலும், பத்துப் பத்துப் பிள்ளைகளை உட்காரவைத்துப் படித்துக் காட்ட வேண்டும். முடித்ததும் ஒரு கேள்வி: 'இந்தப் படங்களில் யாரைக் கண்டால் உனக்குப் பயமாக இருக்கிறது?' எந்தப் பிள்ளையேனும் ஒரு மனிதரைச் சுட்டிக் காட்டினால், அந்தப் பக்கத்தைத் திரும்ப வரைய வேண்டும்.